ஆற்றைக் காணாத பயணக் கட்டுரைகள்

அண்மைக் காலமாகப் பங்கு மலர்களிலும் திருத்தல இதழ்களிலும் பயணக் கட்டுரைகள் மிகுந்து வருகின்றன. தாம்பரம், குரோம்பேட்டைப் பகுதியில் வாழும் நம் மக்களுள் பலர் திருப்பயணமாகவோ பிள்ளைகளைக் காணவோ அயல்நாடு செல்கின்றனர். சென்று வந்தோர் எழுதுகின்றனர். எழுதுவது நன்றே. ஆயினும் அவற்றைத் தொடர்ந்து வாசித்துவரும் நமக்கு ஒரு குறை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரைப் பற்றிய கட்டுரைகளை எடுத்துக்கொள்வோம். புனித இரண்டாம் யோவான் பவுல் பேராயராக இருந்த நகரம் என்பதால் நம்மவர் அங்கு விரும்பிச் செல்கின்றனர். விஸ்துலா ஆற்றங்கரையில் வாவெல் குன்று; அதன்மேல் அரண்மனையும் பேராலயமும்; அடியில் ஒரு குகை. குகையில் வாழ்ந்த கொடும் பறவைநாகம் கந்தகம் அடைத்த ஆட்டைத் தின்று, தாகம் தாளாமல் ஆற்று நீரைக் குடித்துக் குடித்து வயிறு வெடித்து மாண்டதாம். இக்கதையை நம்மவர் சுவைபடச் சொல்கின்றனர். கரையில் நடந்த மாலைப் பொழுதையும் படகில் சென்றதையும் விரித்து எழுதுகின்றனர். ஆறின்றி அந்நகரம் இல்லை என்பது அவர்களுக்கு விளங்கியிருக்கிறது.

அதே கைகள் சின்னமலையையும் பரங்கிமலையையும் பற்றி எழுதுகையில் என்ன நேர்கிறது? பரங்கிமலை ஆலயம் 1523. பகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை கிடைத்தது 1547. சின்னமலைப் பழைய ஆலயம் 1551. திருத்தந்தை மலைக்கு வந்தது 1986. ஆண்டுகள் சரியே. ஆனால் அடையாறு எங்கே? சின்னமலையும் ஆற்றங்கரைக் குன்றுதான். அங்கும் குகை உண்டு. தாகமுற்ற மக்களுக்காகத் திருத்தூதர் தோமா பாறையிலிருந்து நீர் வரச் செய்தார் என்னும் மரபும் உண்டு. விஸ்துலாவை வருணித்த பேனா அடையாற்றருகே வந்ததும் மை வற்றிப்போகிறது!

இது வெறும் வருணனைக் குறையன்று. பொருளையே தவறவிடும் குறை. பரங்கிமலைக்கு ஏறும் படிகளை அமைத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்கின்றனர். அவரே 1726-இல் தம் சொந்தச் செலவில் அடையாற்றின் மீது பாலமும் கட்டினார். அதைப் பராமரிக்கவும் பொருள் வைத்துச் சென்றார். படியையும் பாலத்தையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் அன்றோ அந்த மனிதர் புரிவார்? மலைக்குப் போகிறவன் முதலில் ஆற்றைக் கடக்க வேண்டும் என்பதை அவர் கண்டிருக்கிறார். நம் கட்டுரையாளர் படியை எண்ணினார், பாலத்தை எண்ணவில்லை. பழைய பாலம் இருந்த இடத்தில் 1960களில் எழுந்த புதிய பாலத்துக்குப் பல்லாவரத்தில் வாழ்ந்த சைவப் பேரறிஞர் மறைமலை அடிகளின் பெயர். ஆர்மீனியர் இட்ட கடவில், தனித்தமிழ் அடிகளாரின் பெயரைச் சொல்லிக்கொண்டு, திருத்தூதரின் மலைக்குச் செல்கிறோம். இதைவிட எழுதத்தக்க செய்தி வேறென்ன வேண்டும்?

ஏ. கே. செட்டியாரின் பயண நூல்களை வாசித்தோர் அறிவர்: அவர் கண் கட்டடங்களைவிட மனிதர்மீதே மிகுதியும் நின்றது. ஆற்றைக் காணாதவர்கள் கரையில் வாழ்ந்த மனிதரையும் காண்பதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருகி, முடிச்சூரில் வீடுகளுக்குள் புகுந்தது. சைதாப்பேட்டையில் கரையோரக் குடிசைகளை வாரிச் சென்றது. பின்னர் அம்மக்களில் பலர் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டனர். 1802-இல் லாம்ப்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியபோது பரங்கிமலைப் பக்கமிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்கு இட்ட அடிக்கோடும் அந்தப் பெரும்பாக்கத்துக் குன்றை நோக்கியே சென்றது. மலையுச்சியில் நின்று நிழற்படம் எடுப்போர் அத்திசையிலும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

பிறரைச் சொல்லும் நாம் மட்டும் என்ன செய்தோம்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தவக்காலத்தில், பங்கு இளைஞரை அழைத்துக்கொண்டு இரு மலைகளுக்கும் நடந்தோம். சின்னமலையில் செபித்தபின் தொடர்வண்டி ஏறச் சைதாப்பேட்டை நோக்கிப் பாலத்தைக் கடக்கையில் நாற்றம் தாங்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு விரைந்து நடக்கும்படி நாமே சொன்னோம். கூட்டத்தில் இளையவன், முடிச்சூர்ப் பையன், கைப்பிடிச் சுவரருகே நின்றுவிட்டான். "ஃபாதர், இந்த ஆறு எங்கிருந்து வருது?" என்றான்.

ஆதனூர்ப் பக்கம் ஏரிகளின் நீரைச் சேர்த்துக்கொண்டு, அவன் வீட்டருகே ஓடித்தான் அது அங்கு வருகிறது. "வண்டி போயிடும், வாப்பா" என்று அவன் தோளைப் பற்றி இழுத்தோம்.