வானும் புலாலும்: ஒரு குறளும் அதன் உரையும்

திருக்குறளில் புலான்மறுத்தல் இருபத்தாறாம் அதிகாரம். அது துறவறவியலில் நிற்கிறது. இவ்வைப்புமுறையைக் கொண்டு, ஊன் உண்ணாமை துறவிக்கே உரியது, இல்வாழ்வானைக் கட்டுப்படுத்தாது என்பார் ஒரு சாரார். குறள் யாவர்க்கும் பொது, ஆதலால் ஊன் உண்பவன் குறளைப் பேசத் தகுதியற்றவன் என்பார் மற்றொரு சாரார். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் தைப்பூச விரதம் முடிந்ததும் கோழிக்குழம்பு கொதிக்கும் தமிழர் வீடுகள் பல. அவ்வீட்டுப் பிள்ளைகளை முன்னே அமர்த்திக்கொண்டு இவ்வதிகாரத்தை விளக்கும் ஆசிரியர் இவ்விரு சாராருக்கும் இடையே அகப்படுகிறார். பொழிப்புரையோடு நிறுத்திக்கொண்டு அடுத்த அதிகாரத்துக்கு நகர்ந்துவிடுவதே பலருக்கும் எளிதாக இருக்கிறது.

இச்சிக்கலை அவிழ்க்கும் முடிச்சு 256ஆம் குறளில் உள்ளது. உண்பார் இல்லையெனில் விலைக்கு ஊன் தருவாரும் இல்லை என்பது அதன் கருத்து. பின்னே நிகழும் உண்ணுதல் முன்னே நிகழ்ந்த கொலைக்குக் காரணமாகாது என்ற வாதத்துக்கு இது மறுப்பு என்கிறார் பரிமேலழகர். அருத்தாபத்தி அளவையால் காரணம் நிறுவப்படுகிறது என்பது அவர் துணிபு. உரை நுட்பமானது; ஐயமில்லை. ஆயினும் அது ஒன்றைத் தொடாமல் விடுகிறது. துறவி எதையும் விலை கொடுத்து வாங்குவதில்லை. விலையைப் பற்றியும் விற்பவனைப் பற்றியும் பேசும் குறள் துறவறவியலுக்குள் எங்ஙனம் வந்தது? ‘கொல்லாது’ என்னும் பாடத்தோடு ‘கொள்ளாது’ என்னும் பாடமும் சில பதிப்புகளில் உண்டு. ஓரெழுத்து வேறுபாடுதான். பின்னதை ஏற்றால் பொறுப்பு கத்தியிலிருந்து பணப்பைக்கு மாறுகிறது. எப்பாடத்தைக் கொண்டாலும் குறள் சுட்டுவது துறவியை அன்று, உலகை. அதிகாரம் துறவிக்கு உரியதாயினும் இக்குறள் சந்தைக்கு உரியது என்பதே பொருத்தமான முடிபு.

அச்சந்தையில் இன்று மூன்றாமவர் ஒருவரும் நிற்கிறார். மலேசிய அரசு 2022 பிப்ரவரியில் கோழிக்கு மானியம் வழங்கத் தொடங்கி, 2023 நவம்பர் முதல் நாள் அதனை நிறுத்தியது. இடையில், 2022 ஜூலை முதல், தீவகற்பத்தில் கிலோவுக்கு 9 ரிங்கிட் 40 சென் என உச்சவிலை இருந்தது. முட்டைக்குரிய மானியம் 2025 ஆகஸ்டு வரை நீடித்தது. உண்பார் வாங்காவிடின் விற்பார் இல்லை என்னும் தருக்கம் இங்கே சற்றுத் தடுமாறுகிறது. ஊனையே தொடாதவரின் வரிப்பணமும் விற்பவரைச் சென்றடைகிறதன்றோ? ஏழை வீட்டின் அடுப்பை எண்ணியே மானியம் தரப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. குறைந்த விலையில் கிடைக்கும் புரதம் கோழியே என்றிருக்கும் தாயிடம் புலான்மறுத்தலை ஓதுவது அறமாகத் தோன்றவில்லை.

நீரும் இவ்வாறே. சிலாங்கூர் மாநிலம் 2008 ஜூனில் வீடுதோறும் மாதம் 20 கனமீட்டர் நீரை இலவசமாக்கியது. 2020இல் அதனை வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என வரையறுத்தது. 20 கனமீட்டர் என்பது 20,000 லிட்டர். ஒரு கிலோ கோழியிறைச்சிக்கு உலகச் சராசரியாக ஏறத்தாழ 4,300 லிட்டரும், மாட்டிறைச்சிக்கு 15,400 லிட்டரும் செலவாகின்றன என்று மெக்கோனன், ஹூக்ஸ்ட்ரா ஆகியோர் கணித்துள்ளனர். ஐந்து கிலோ கோழி வாங்கும் வீடு, குழாயில் வந்த இலவச நீரை விஞ்சிய நீரைக் காணாமலே உண்கிறது. அது இந்நாட்டு ஆற்றுநீர் அன்று. பெரும்பாலும் பிரேசில், அர்ஜென்டினா சோளக்கொல்லைகளில் பெய்த மழை. 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூர் மாசுபட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்கள் வறண்டபோது வாளியோடு வரிசையில் நின்றவர்கள் நீரின் அருமையை அறிந்தார்கள். தட்டிலுள்ள மழையை அப்படி அறிய வாய்ப்பில்லை.

மரக்கறி உண்பார் இதனால் நெஞ்சு நிமிர்த்தவும் இடமில்லை. அதே கணிப்பில் ஒரு கிலோ பருப்புக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர்; கோழிக்குச் சற்றே குறைவு. புரத அளவால் ஒப்பிட்டால்தான் பருப்பு தெளிவாக முந்துகிறது: ஒரு கிராமுக்குப் பருப்பு 19 லிட்டர், கோழி 34 லிட்டர். கிள்ளான் கடைகளில் விரும்பி வாங்கப்படும் பொன்னி அரிசியும் நீரைப் பெரிதும் குடிக்கும் பயிரே. தமிழ்நாட்டில் இலவச மின்சாரம் 1990 முதல் உழவர் அனைவர்க்கும் கிடைத்தது, கிணறுகள் ஆழமாயின. சைவ உணவின் பின்னும் மானியம் உண்டு, வற்றும் நிலத்தடி நீரும் உண்டு.

வள்ளுவர் இதற்கு இடம் வைத்திருக்கிறார். கடவுள் வாழ்த்தை அடுத்து நிற்பது வான்சிறப்பு. நீத்தார் பெருமை அதற்குப் பின்னரே வருகிறது. வானம் வழங்காவிடின் தானமும் தவமும் இவ்வுலகில் நிலைக்கா என்பது 19ஆம் குறளின் கருத்து. தவத்தைச் சார்ந்தது புலான்மறுத்தல். தவமோ மழையைச் சார்ந்தது. இவ்வரிசையைக் கற்பிக்கும் வகுப்பில் எந்தப் பிள்ளையும் தன் வீட்டுக் குழம்புக்காகத் தலைகுனிய வேண்டியதில்லை. 256ஆம் குறளைத் தொடங்குமுன் 19ஆம் குறளைக் கரும்பலகையில் எழுதிவைப்பது நன்று. வீட்டில் ஒரு வாரம் வாங்கிய பொருள்களை மாணவரே பட்டியலிட்டு வந்தால் பாடம் இன்னும் எளிதாகும்.