கருமணலும் பியூரெட்டும்

மணவாளக்குறிச்சிக் கடப்புறத்தில் ஒரு கை மணலை அள்ளினால் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் ஒன்றாய்க் கலந்து வரும். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் கண்டுகொண்டார். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு வேண்டியது தோரியம். அன்றைய எரிவாயு விளக்கின் மேண்டில் 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்தது. மோனசைட்டுக்கு மதிப்பு அதிலிருந்த தோரியத்தால் வந்தது. அதனால் தொழில் தொடங்கிய அன்றைக்கே ‘இதில் எவ்வளவு உலோகம்?’ என்ற கேள்வியும் தொடங்கிவிட்டது. வீழ்படிவாக்கி எடை போடுவது, ஆக்சிஜனேற்ற ஒடுக்கத் தரம்பார்த்தல், அணைவுத் தரம்பார்த்தல், நிறமாலைக் கருவி என்று அதற்கு நான்கு வழிகள் அமைந்தன. ஒன்று வந்ததும் முந்தையது காலாவதியாகிவிட்டது என்றுதான் பாடநூல்கள் பெரும்பாலும் இந்த வரலாற்றைச் சொல்கின்றன. நம் மணல் அப்படிச் சொல்லவில்லை. எந்த உலோகம் எந்த வழிக்குக் கட்டுப்படும் என்பதை அந்த உலோகத்தின் குணமே முடிவு செய்கிறது.

இரும்பிலிருந்து தொடங்கலாம். இரும்புக்குப் பெரஸ், பெரிக் என்று இரண்டு நிலைகள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது கைமாறும் எலக்ட்ரானைக் கணக்கிட்டால் போதும், இரும்பின் அளவு தெரிந்துவிடும். 1846-இல் மார்கெரிட் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கொண்டு இதைச் செய்து காட்டினார். பிறகு டைக்குரோமேட் வந்தது, சீரிக் சல்பேட் வந்தது. வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் கோபால ராவும் அவரது மாணவர்களும் வனடேட் போன்ற வினைபொருள்களையும் பாஸ்பாரிக் அமில ஊடகத்தையும் வைத்து இந்த வழிக்கு ஒரு தென்னிந்தியப் பள்ளியையே உருவாக்கினார்கள். சீரியத்துக்கு இங்கே இரட்டை வேடம். மோனசைட்டிலிருந்து பிரித்தெடுத்த சீரியம், சீரிக் உப்பாகிப் பியூரெட்டுக்குள் ஏறினால் இல்மனைட்டின் இரும்பை அளக்கும். அதே சீரியத்தை அளக்க வேண்டுமென்றால் வெள்ளி அயனியின் துணையோடு பெர்சல்பேட்டால் நான்காம் நிலைக்கு ஆக்சிஜனேற்றி, மிஞ்சிய பெர்சல்பேட்டைக் கொதிக்கவைத்துப் போக்கி, பெரோயின் நிறங்காட்டி வெளிர்நீலத்திலிருந்து சிவப்பாகும்வரை மோர் உப்புக் (பெரஸ் அம்மோனியம் சல்பேட்) கரைசலை விட வேண்டும். லாந்தனம், நியோடிமியம் என்று கூடப்பிறந்தவை குடுவையில் எத்தனை இருந்தாலும் குறுக்கே வராது. அவற்றுக்கு அந்த நான்காம் நிலை எளிதில் வாய்ப்பதில்லை.

இல்மனைட்டில்தான் இந்த வழியின் முழுப் பலம் தெரிகிறது. வாய்பாட்டின்படி தூய இல்மனைட்டில் டைட்டானியம் டை ஆக்சைடு 52.7 சதவீதம்தான் இருக்க முடியும். மணவாளக்குறிச்சி ரகத்திலோ சுமார் 55, சவற ரகத்தில் சுமார் 60. காலங்காலமாகக் காற்றும் நீரும் பட்டு, பெரஸ் இரும்பு பெரிக்காகி, அதில் ஒரு பகுதி கரைந்தும் போனதால் டைட்டானியத்தின் பங்கு ஏறியிருக்கிறது. எனவே மொத்த இரும்பு எவ்வளவு என்று தெரிந்தால் போதாது, அதில் பெரஸ் எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். திருவனந்தபுரத்தின் டிராவன்கூர் டைட்டானியம் ஆலையைப் போலக் கந்தக அமில முறையில் வெண்நிறமி செய்பவர்களுக்கு இது காசு விஷயம். கரைசலில் உள்ள பெரிக்கை ஒடுக்கப் பழைய இரும்பைக் கூடுதலாகப் போட்டாக வேண்டும். காற்றுப் படாமல் தாதுவைக் கரைத்து டைக்குரோமேட்டால் தரம்பார்த்தால் பெரஸ் தனியாகக் கிடைக்கும். விலை மிகுந்த பிளாஸ்மா நிறமாலைமானி இந்தக் கேள்விக்கு ஊமை. பத்தாயிரம் டிகிரியை நெருங்கும் வெப்பத்தில் எல்லா இரும்பும் அதற்கு ஒரே இரும்புதான்.

டைட்டானியத்தை அளக்கும் முறை பார்ப்பதற்கும் அழகானது. உருக்கிக் கரைத்த தாதுவில் அலுமினியத் தகட்டைப் போட்டு, காற்றை விலக்கி ஒடுக்கினால் கரைசல் ஊதாவாகும். அதன்மேல் பெரிக் அம்மோனியம் சல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, ஊதா வெளுத்து, மிஞ்சிய முதல் பெரிக் சொட்டு தயோசயனேட்டோடு சேர்ந்து செந்நிறம் காட்டும். 0.1 நார்மல் கரைசலில் 1 மில்லிலிட்டர், 7.99 மில்லிகிராம் டைட்டானியம் டை ஆக்சைடுக்குச் சமம். 55 சதவீதத் தாதுவில் அரை கிராம் எடுத்தால் பியூரெட்டில் சுமார் 34.4 மில்லிலிட்டர் இறங்கும். ஒரு சொட்டை 0.05 மில்லிலிட்டர் என்று வைத்தால், ஒரு சொட்டுப் பிழை முடிவில் ஏறக்குறைய 0.15 சதவீதம். பிளாஸ்மா கருவியின் வழக்கமான பிழை 1 முதல் 2 சதவீதம் வரை போகும். முக்கால் பங்கோ பாதியோ ஒரே உலோகமாக இருக்கும் பொருளை ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்து அளப்பதற்குக் கொடுக்கும் விலை அது.

தோரியம் இந்த வழிக்கெல்லாம் பிடிகொடுக்காத உலோகம். கரைசலில் அதற்கு ஒரே ஒரு நிலைதான், +4. எலக்ட்ரானை வாங்கவோ கொடுக்கவோ செய்யாத ஒன்றிடம் பெர்மாங்கனேட்டுக்கு என்ன வேலை? ஆகவே நெடுங்காலம் எடை வழிதான் கதி. ஆக்சலேட்டாகவோ அயோடேட்டாகவோ வீழ்த்திப் பிரித்து, கடைசியில் ஆக்சைடாகச் சுட்டு நிறுக்க வேண்டும். 1945-இல் சூரிச்சில் ஷ்வார்ட்சன்பாக் ஈடிடிஏ என்ற அணைவுப் பொருளைத் தரம்பார்த்தலுக்குக் கொண்டுவந்த பிறகே நிலைமை மாறியது. நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த அதே 1956-இல் செக் நாட்டு வேதியியலர்கள் கோர்பலும் பிரிபிலும் சைலினால் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியை அறிமுகம் செய்தார்கள். தோரியம் ஈடிடிஏவைப் பிடிக்கும் பிடி, லாந்தனம் பிடிக்கும் பிடியைவிடக் கோடி மடங்குக்கு மேல் வலியது. பிஹெச் 2.5 அளவில் வைத்தால் தோரியம் மட்டுமே வினைப்பட்டு, சிவப்பு மஞ்சளாகும். அதே குடுவையில் ஹெக்சமின் சேர்த்து பிஹெச்சை 5-க்கு மேல் ஏற்றினால் மஞ்சள் மறுபடி சிவக்கும். திரும்பவும் ஈடிடிஏ விட்டால் அருமண் உலோகங்களின் மொத்தக் கணக்கு வந்துவிடும். இரும்பு பெரிக்காக இருந்தால் தோரியத்தோடு போட்டிக்கு வரும். கொஞ்சம் அஸ்கார்பிக் அமிலம் போட்டுப் பெரஸாக்கிவிட்டால் அடங்கிவிடும். சிர்க்கோனியம் அப்படி அடங்காது, அதை முன்கூட்டியே பிரித்தாக வேண்டும்.

முடிவுநிலை ஆளுக்கு ஆள் மாறும் கண்ணை நம்பியது என்பது தரம்பார்த்தலுக்கு எதிராக முதலில் சொல்லப்படுவது. உண்மைதான், மின்முனையை வைத்து மில்லிவோல்ட் தாவுவதைப் பார்த்தால் அந்தக் குறை தீரும். பாதரசம் பற்றிய குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. மிஞ்சிய ஸ்டானஸ் குளோரைடை அழிக்க மெர்க்குரிக் குளோரைடு சேர்க்கும் பழைய டைக்குரோமேட் முறை, எத்தனையோ ஆய்வகத் தொட்டிகள் வழியாக நஞ்சை வெளியே அனுப்பியிருக்கிறது. அதற்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. பாதரசமின்றி டைட்டானியம் (III) குளோரைடால் ஒடுக்கும் முறை ஐஎஸ்ஓ தரநிலையாகவே இருக்கும்போது, பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சோம்பலைத் தவிரக் காரணம் இல்லை. நுண்ணளவு விஷயத்திலும் பியூரெட் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். குடிநீரில் காரீயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது ஐஎஸ் 10500. அதைப் பார்க்கக் கருவியே தேவை. அதே தரநிலை கடினத்தன்மைக்கு 200 மில்லிகிராம், வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 600 என்று வரம்பு வைக்கிறது. கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் அதைச் சோதிக்க பிஹெச் 10 தாங்கல் கரைசலும் எரியோகுரோம் பிளாக் டியும் ஒரு பியூரெட் ஈடிடிஏவும் போதும்.

கருவியே வேகமானது, ஒரு நாளில் நூறு மாதிரி பார்க்கலாம் என்பார்கள். மணலைப் பிரிக்கும் ஆலைக்கு அந்த வேகம் வேண்டும், மறுப்பில்லை. ஆனால் அங்கே வைக்கும் எக்ஸ் கதிர் நிறமாலைக் கருவி தானாக எதையும் அளப்பதில்லை. மதிப்பு தெரிந்த மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறது. அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் எடையிலிருந்தும் தரம்பார்த்தலிலிருந்தும். நெல்லளக்கும் மரக்காலைச் சரிபார்க்க இன்னொரு மரக்கால் தேவைப்படுவது போலத்தான் இதுவும், அந்த வரிசை எங்கேயாவது ஓரிடத்தில் நிற்க வேண்டும். வேதியியலில் அது நிற்கும் இடம் தூய பொருளின் எடை. டைக்குரோமேட்டை உலர்த்தி நிறுத்துக் கரைத்தால் அப்படியே திட்டக் கரைசல். பெர்மாங்கனேட்டுக்கு அந்த யோக்கியதை இல்லை, மாங்கனீஸ் டை ஆக்சைடு கலந்திருப்பதால் சோடியம் ஆக்சலேட்டிடம் சான்று வாங்க வேண்டும். ஈடிடிஏவுக்குத் தூய துத்தநாகமோ கால்சியம் கார்பனேட்டோ சான்று தரும்.

இதனால்தான் ‘இரும்பு இத்தனை சதவீதம்’ என்று எண்ணை மட்டும் அச்சடித்துத் தரும் ஆய்வறிக்கை அரைகுறையானது. அது மொத்த இரும்பா, பெரஸா, எந்த முறையில் பார்த்தது, எந்தத் திட்டப்பொருளோடு ஒப்பிட்டது என்ற விவரம் எண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தால்தான் மணலை விற்பவரும் வாங்குபவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்ல முடியும்.