பொம்மைக்கு அழகு உருவமா, ஆட்டமா?

எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவரைத் 'தஞ்சாவூர்ப் பொம்மை' என்று கேலி செய்வது நம் வழக்கம். பொம்மையின் குணத்தைப் பாதிதான் அறிந்தவர்கள் கட்டிய பேச்சு அது. அடிப்பாகம் உருண்டையாக உள்ள ராஜா, ராணி பொம்மையை ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். சாயும், தலை தரையை நோக்கித் தாழும், விரலை எடுத்ததும் நிமிர்ந்து நம்மையே பார்க்கும். மல்யுத்தத்தில் இரு தோள்களும் தரையில் பட்டால் தோல்வி. அந்தக் கணக்கின்படி இந்தக் குண்டு ராஜா ஒருநாளும் தோற்காத மல்லர். அவரைத் 'தலையாட்டி' என்று மட்டும் சொல்வது நியாயமாகாது.

ஆனால் இன்று கடைகளில் காணும் தஞ்சைப் பொம்மைகளை எடுத்துப் பார்த்தால் ஒரு கவலை தோன்றுகிறது. முகங்கள் முன்னைவிடத் திருத்தமாக இருக்கின்றன. கண்ணிமை, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், பட்டுக் கரை எல்லாம் நுட்பமாக அமைந்திருக்கின்றன. தட்டிப் பார்த்தாலோ, சிலவற்றில் ஆட்டம் தயங்குகிறது. சிலவற்றில் வெடுக்கென்று இரண்டு முறை அசைந்து நின்றுவிடுகிறது. உருவம் வளர, ஆட்டம் தேய்ந்து வருகிறது. ஒரு பொம்மை ஆளைப்போல் இருக்கவேண்டுமா, ஆளோடு விளையாடவேண்டுமா? இரண்டும் ஒருங்கே கிடைக்குமானால் நல்லதே. கிடைக்காதபோது எதை விடுவது என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் கேள்வி.

குண்டு ராஜா ஏன் குண்டாக இருக்கிறார்?

முதலில் அறிவியலைப் பார்ப்போம். அரைக்கோள வடிவான அடிப்பாகத்துக்கு ஒரு வளைவு மையம் உண்டு. பொம்மையின் முழு எடைக்கும் ஓர் ஈர்ப்பு மையம் உண்டு. ஈர்ப்பு மையம் வளைவு மையத்துக்குக் கீழே இருந்தால், பொம்மையைச் சாய்க்கும்போது ஈர்ப்பு மையம் மேலே உயர்கிறது. உயர்ந்தது இறங்க முயலும், பொம்மை நிமிரும். இதுவே உறுதிச் சமநிலை. இரு மையங்களும் ஒன்றாகிவிட்டால், பொம்மை வைத்த கோணத்திலேயே சோம்பிக் கிடக்கும். ஈர்ப்பு மையம் மேலே போய்விட்டாலோ, விழுந்தது விழுந்ததுதான்.

இதிலிருந்து ஒரு கணக்குப் பிறக்கிறது. ஒரே மண்ணால், உள்ளே குழிவில்லாமல், அரைக்கோளத்தின்மேல் ஒரு கூம்பை வைத்துப் பொம்மை செய்வதாகக் கொள்வோம். அரைக்கோளத்தின் ஈர்ப்பு மையம் அதன் தட்டையான முகத்துக்குக் கீழே, ஆரத்தில் எட்டில் மூன்று பங்கு தொலைவில் இருக்கிறது. கூம்பின் ஈர்ப்பு மையம் அதே முகத்துக்கு மேலே, கூம்பு உயரத்தில் நாலில் ஒரு பங்கு தொலைவில் இருக்கிறது. இருபக்கத்து எடையையும் சேர்த்துப் பார்த்தால், கூம்பின் உயரம் ஆரத்தைப்போல் சுமார் 1.73 மடங்குக்குக் குறைவாக இருக்கும்வரையில்தான் பொம்மை நிமிரும். ஆரம் 5 செ.மீ. ஆனால், கூம்பு 8.6 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. மொத்த உயரம் 13.6 செ.மீ.யோடு சரி.

மனித உடலின் உயரமோ, தோள் அகலத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. 10 செ.மீ. அகலமுள்ள பொம்மை, மனித அளவுப்பாட்டின்படி 40 செ.மீ. உயரம் இருக்கவேண்டும். அப்படிச் செய்தால் தொட்டதும் விழும். ஆகவே நம் கைவினைஞர் ராஜாவைக் குட்டையாக்கினார், வயிற்றைப் பெருக்கினார், கைகளைத் தனியே நீட்டாமல் உடம்போடு ஒட்டி வண்ணத்தால் வரைந்தார், காலை அடியோடு விட்டுவிட்டார். உருவத்தில் இத்தனை பொய் சொல்லி, ஆட்டத்தில் ஓர் உண்மையைப் பெற்றார். பொருளிலும் அதே அறிவைக் காணலாம். அடியில் கனமான களிமண். மேலே உள்ளீடற்ற காகிதக்கூழ். காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் நாட்டில் மண்ணுக்குப் பஞ்சமில்லை. எனினும் எங்கே மண், எங்கே காகிதம் என்று தெரிந்து வைத்ததில்தான் வித்தை இருக்கிறது.

துண்டுபட்ட நாட்டியக்காரி

தஞ்சையின் இன்னொரு பொம்மை நாட்டியப் பெண். கால், பாவாடை, உடல், தலை என்று தனித்தனித் துண்டுகளாகச் செய்து, கம்பி முனைகளின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டும் அதன் ஈர்ப்பு மையத்துக்கு மேலுள்ள ஒரு புள்ளியில் தொங்குகிறது. எனவே ஒவ்வொன்றும் ஓர் ஊசல். ஊசலின் அலைவு நேரம் முக்கியமாக அதன் அளவையும், எடை பரவியிருக்கும் முறையையும் பொறுத்தது. பெரிய பாவாடை மெல்ல அசைகிறது. சிறிய தலை விரைந்து அசைகிறது. மூன்று ஊசல்கள் மூன்று தாளத்தில் ஆடுவதால்தான் கழுத்து வெட்டுவதும் இடை நெளிவதும் நம் கண்ணுக்கு அபிநயமாகத் தெரிகின்றன.

அசையாமல் நிற்கும்போது இந்தப் பொம்மையில் குறை தெரியும். கழுத்தில் இடைவெளி இருக்கும். இடுப்பில் வெட்டு இருக்கும். சிற்பம் என்று பார்த்தால் அது ஊனமே. ஆடத் தொடங்கிவிட்டால் அந்த இடைவெளிகளே உயிராகின்றன. கழுத்தையும் மார்பையும் சேர்த்து ஒரு மணிமாலையைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? அழகு கூடும், ஆனால் இரண்டு ஊசல்கள் ஒன்றாகக் கட்டப்பட்டு, உராய்வால் ஆட்டம் விரைவில் அடங்கும். அலங்காரம் மிகுந்த பல பொம்மைகளில் நடப்பது இதுதான்.

மேல்நாட்டு மல்லர்களின் வழக்கு

இந்தச் சிக்கல் தஞ்சைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் தொலைக்காட்சி மல்யுத்த வீரர்களைப் பொம்மைகளாக விற்கும் தொழிலும் இதே வழக்கை நாற்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறது. 1984-இல் எல்.ஜே.என். நிறுவனம் வெளியிட்டவை கனமான ரப்பர் வீரர்கள். தசைப்புடைப்பும் முகச்சாயலும் இருந்தன, மூட்டுகள் இல்லை. 1990 முதல் 1994 வரை ஹாஸ்ப்ரோ வெளியிட்ட வீரர்கள் சிறியவர்கள்; கேலிச்சித்திரம் போன்ற உருவம் கொண்டவர்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு சுருள்வில் இருந்தது. இழுத்துவிட்டால் ஒருவர் குத்துவார், ஒருவர் துள்ளுவார். 2010 முதல் மேட்டல் நிறுவனம் வெளியிடும் வீரர்களுக்கு மூட்டுகள் பல. பிடி போடலாம், தூக்கி எறியலாம். ஆனால் தோளிலும் முழங்காலிலும் வெட்டுக்கோடுகள் தெரியும். சேகரிப்பவர்களிடையே அதைப்பற்றிய முணுமுணுப்பும் உண்டு. நம் நாட்டியப் பெண்ணின் கழுத்து இடைவெளியும் அந்த வெட்டுக்கோடும் ஒரே இனம். அசைவு வேண்டுமானால் உருவத்தை எங்காவது அறுக்கவேண்டும்.

அமெரிக்காவிலிருந்தே இன்னொரு சான்றும் உண்டு. 1961-இல் ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலார் குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வில் 'போபோ' என்ற கோமாளிப் பொம்மையைப் பயன்படுத்தினார். காற்றடைத்த உடல், அடியில் எடை. அடித்தால் சாய்ந்து எழும். பெரியவர்கள் அடிப்பதைக் கண்ட குழந்தைகள் தாமும் அடித்தார்கள் என்பது அவர் கண்ட முடிவு. அந்த முடிவைப்பற்றி வாதங்கள் பல உண்டு. நாம் காணவேண்டியது வேறொன்று. அந்த ஆய்வுக்குத் திறமான சிற்பம் தேவைப்படவில்லை. குழந்தையின் கைக்குப் பதில் சொல்லும் ஒரு பொருள் தேவைப்பட்டது. நம் ராஜாவின் உறவினரே அங்கே வேலைக்கு அமர்ந்தார்!

ஓர் எதிர்வாதம்

"கொலுப் பொம்மை ஆடுகிறதா? அதையும் பொம்மை என்றுதானே சொல்கிறோம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் பண்ணுருட்டியிலும் செய்யப்படும் கொலுப் பொம்மைகள் பார்வைக்கென்றே பிறந்தவை. அவற்றில் உருவத் திருத்தம் வேண்டியதே. ஆட்டம் இல்லை என்று அவற்றைக் குறை கூறுவது, தேரைப் பார்த்து ஏன் உழவில்லை என்று கேட்பது போலாகும்.

இதற்கு நேர்மாறாக மரப்பாச்சியை எண்ணிப் பாருங்கள். கட்டையான உடல், ஏறக்குறைய முகமே இல்லாத முகம். மூட்டும் இல்லை, எடையும் இல்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகப் பெண் குழந்தைகள் அதற்குத் துணி சுற்றி, சோறூட்டி, திருமணம் செய்துவைத்து விளையாடினார்கள். அங்கே ஆடுவது பொம்மையன்று, குழந்தையின் கற்பனை. உருவத்தில் விட்ட இடத்தையெல்லாம் கற்பனை நிரப்பிக்கொள்கிறது. ஆக, விளையாட்டுக்கு வழி இரண்டு: பொம்மை தானே பதில் சொல்லலாம், அல்லது குழந்தை பதில் சொல்ல இடம் விடலாம். எல்லாவற்றையும் தானே காட்டிவிட்டு அசையாமலும் நிற்கும் பொம்மைக்கு இரண்டு வழியும் அடைபட்டுவிடுகின்றன. கொலுப்படியில் அதற்குக் குறையில்லை. ஆடுவதற்கென்றே பிறந்த தஞ்சைப் பொம்மைக்கு அது பெருங்குறை.

எங்கே தவறுகிறோம்?

குற்றத்தைக் கைவினைஞர் தலையில் சுமத்துவது எளிது, சரியன்று. பெட்டிக்குள் நிற்கும் பொம்மையை நாம் கண்ணால் பார்த்து வாங்குகிறோம். விரலால் தட்டி வாங்குவதில்லை. வாங்கியபின் கண்ணாடி அலமாரியில் பூட்டுகிறோம். குழந்தை கை நீட்டினால் அதட்டுகிறோம். பார்க்கிறவனுக்கு விற்கவேண்டிய பொருளைச் செய்பவர் பார்வைக்கு ஏற்றபடிதானே செய்வார்? மேலே மணியும் கல்லும் ஏற ஏற ஈர்ப்பு மையம் உயர்கிறது; ராஜா சோம்பேறியாகிறார். மலிவான பிளாஸ்டிக் வகைகளிலோ அடியில் ஓர் இரும்புக் கட்டி. மேலே எடையே இல்லை. ஈர்ப்பு மையம் மிகவும் தாழ்ந்துவிடுவதால் வெடுக்கென்று நிமிர்ந்து நிற்கிறது. அந்த நிதானமான சாய்வும் எழுச்சியும் இல்லை. இரண்டு மையங்களுக்கும் இடையிலுள்ள தொலைவு குறைந்தாலும் கெடுதல், மிகுந்தாலும் கெடுதல். அந்த அளவைக் கையால் தூக்கிப் பார்த்தே அறியும் அனுபவம்தான் தஞ்சையின் உண்மையான செல்வம். தஞ்சாவூர்ப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயருக்கு அது காவல். ஆட்டத்துக்குக் காவல் வாங்குகிற நாம்தான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வழுவழுப்பாகச் செதுக்கிய ஒரு கொட்டாங்கச்சியின் அடியில் களிமண்ணை அப்புங்கள். மேலே காகிதக் கூம்பு ஒன்றை ஒட்டுங்கள். தள்ளினால் நிமிரும். இனிக் கூம்பின் உச்சியில் சிறுசிறு களிமண் உருண்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே வாருங்கள். ஆட்டம் மெல்ல மெல்லத் தளர்வதையும், ஓர் உருண்டையில் அது திடீரென்று விழுந்து எழாமற்போவதையும் காண்பீர்கள். அந்தக் கடைசி உருண்டைதான் 'இன்னும் கொஞ்சம் அழகு'.

அடுத்த முறை தஞ்சைக்குப் போய்ப் பொம்மை வாங்கும்போது, முகத்தைப் பார்ப்பதற்கு முன் மேசைமேல் வைத்து மெல்லத் தள்ளிப் பாருங்கள். தயங்காமல் சாய்ந்து, அவசரமில்லாமல் எழுந்து, நாலைந்து முறை ஆடி அடங்குகிறதா? அப்படியானால் விலையைப் பேசுங்கள். வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் பூட்டாதீர்கள். தரையில், குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். வண்ணம் கொஞ்சம் உதிரும்; மூக்கு கொஞ்சம் தேயும். போகட்டும். விழுந்தால் எழலாம் என்பதை அந்தக் குழந்தை கையாலேயே கற்றுக்கொள்ளும்.