வீட்டுக் கதையும் ஊர்க் கதையும்

நம் சமுதாய வாழ்வைப் பொருளாகக் கொண்ட நாவல் ஒன்று வெளிவரும்போதெல்லாம், வீட்டுக் குறையை வீதியில் வைக்கலாமா என்ற கேள்வி எழுகின்றது. கள்ளக்குறிச்சி போன்ற உள்நாட்டு ஊர்களின் வாசகர்களுக்கும் இக்கேள்வி உண்டு. நல்லெண்ணத்தில் பிறக்கும் கேள்வியாதலின் இதனை எடைபோட்டுப் பார்ப்பது நம் கடமையாகும்.

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-இல் நூலாயிற்று. ஊரை ஆட்டிப் படைக்கும் முதலாளியையும், ஆங்கிலப் பள்ளியை மார்க்கத்தின் பெயரால் எதிர்க்கும் அறியாமையையும் ஆசிரியர் அதில் காட்டுகின்றார். இது மார்க்கத்தைப் பழிப்பதாகுமா? ஆகாது. மார்க்கத்தைத் தம் அதிகாரத்துக்குக் கேடயமாக்கிக் கொண்டவரையே அது பழிக்கின்றது. கல்வராயன் மலையடிவாரத்தில் வாழ்வோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். 1976-இல் அரசு ஏற்கும்வரை அம்மலை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. மலையாளிப் பழங்குடியினர் அவர்களுக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்தனர். கடற்கரை முதலாளியின் மார்க்கம் வேறு, மலை ஜாகிர்தாரின் சமயம் வேறு. இருவரும் அமர்ந்திருந்தது பிறர் உழைப்பின்மீதுதான்.

துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004-இல் வந்தது. முதலாளியின் அதிகாரம் ஊரெல்லாம் தெரியும். வீட்டுக்குள் பெண்ணின் மீது செல்லும் அதிகாரமோ கதவுக்கு வெளியே தெரியாது. ராபியா என்னும் சிறுமியையும் அவளைச் சுற்றியுள்ள பெண்களையும் கொண்டு அந்தக் கதவைத் திறக்கின்றார் சல்மா. ஆண்களின் உலகம் இந்நாவலில் தொலைவில் நிற்கின்றது என்று குறை கூறலாம். அப்பெண்களுக்கும் அது தொலைவில்தானே இருந்தது! எனவே அதனைக் குறையாக நாம் கொள்ளவில்லை. ஆனால் நாட்டு அரசியல் ஒரு வீட்டின் சமையற்கட்டுவரை எவ்வாறு வந்து சேர்கின்றது என்பதை நம் நாவல்கள் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இதற்கு அமெரிக்காவின் ஸ்பானிய வழிக் குடும்பங்களைப் பற்றிய கதைகள் துணையாகும். சாண்ட்ரா சிஸ்னெரோஸ் 1984-இல் எழுதிய 'மாங்கோ தெரு வீடு' சிகாகோ நகரத்துச் சிறுமி ஒருத்தியின் கதை. தெருவை விட்டுப் போக விரும்பும் அவள், போக முடியாதவர்களுக்காகத் திரும்பி வரவும் உறுதி கொள்கின்றாள். ஜூனோ டியாஸின் 2007-ஆம் ஆண்டு நாவலோ, டொமினிக்கன் நாட்டுச் சர்வாதிகாரி த்ருஹியோவின் கொடுமை ஒரு குடும்பத்தைத் தலைமுறை கடந்தும் தொடர்வதைக் காட்டுகின்றது. தம் மக்களின் குறையை எழுதியதால் அவர்கள் தம் மக்களுக்கு அந்நியராகிவிடவில்லை.

தேங்காய்ப்பட்டணமும் துவரங்குறிச்சியும் நாவலில் இடம்பெற்றுவிட்டன. உருதும் தமிழும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கும் வடமாவட்டச் சிற்றூர்களின் குடும்பக் கதை இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டும். கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஒரு வியாபாரியும், மலையிலிருந்து கடுக்காயும் தேனும் கொண்டுவரும் ஒரு பெண்ணும் விலை பேசும் காட்சியிலேயே குடும்பம், அடையாளம், அரசியல் மூன்றும் அடங்கியிருக்கின்றன. அதனை எழுதவேண்டியவர் நம் வீடுகளில் வளரும் பிள்ளைகளே. அவர்களின் கையிலிருக்கும் பேனாவைப் பெற்றோர் பறிக்காதிருப்பார்களாக!