கயிற்றின் மறுமுனை

பொள்ளாச்சிப் பக்கம் நண்பனின் தோப்பில், இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஐந்து சென்டிமீட்டர் அகலப் பட்டை ஒன்றை முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டினோம். மரம் தேயாமலிருக்கச் சாக்கைச் சுற்றி, அதன்மேல் பட்டை. இந்த விளையாட்டுக்குப் பேர் ஸ்லாக்லைன். அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் பாறையேறிகள் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. கழைக்கூத்தாடியின் கயிறு மாதிரி விறைப்பாக இருக்காது. மிதித்தால் தொய்யும், துள்ளும். கையில் கோலும் கிடையாது.

வலது காலை வைத்து எழுந்தேன். பட்டை இடமும் வலமுமாக உதறியது. உதறுவது பட்டையா என் காலா என்றே தெரியவில்லை. "கீழ பாக்காதடா, எதிர்மரத்தைப் பாரு" என்றான். பார்த்தேன். விழுந்தேன். பதினைந்தாவது தடவையோ என்னவோ, அவன் ஒன்றும் சொல்லாமல் போய்ப் பட்டையின் மறுகோடியில் உட்கார்ந்துகொண்டான். உதறல் பாதியாகக் குறைந்தது. மூன்று எட்டு வைத்துவிட்டேன்! விழுந்து எழுந்து பெருமையாகத் திரும்பினால், பயல் போனை நோண்டிக்கொண்டிருக்கிறான்.

அன்றிரவு 'மேன் ஆன் வயர்' படத்தை மறுபடி போட்டோம். ஜேம்ஸ் மார்ஷ் இயக்கி 2008இல் வந்து, ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படம். 1974 ஆகஸ்ட் 7 காலை, பிலிப் பெத்தி என்ற பிரெஞ்சு இளைஞர் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே, சுமார் 400 மீட்டர் உயரத்தில், யாரிடமும் அனுமதி கேட்காமல் கம்பி கட்டி முக்கால் மணி நேரம் நடந்த கதை. கல்லூரியில் பார்த்தபோது எனக்கு இது ஒற்றை மனிதனின் படம். இந்த முறை கண் முழுக்க ழான் லூயி ப்ளொந்தோ மேலேயே இருந்தது.

பெத்தியின் நெருங்கிய நண்பர் அவர். ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்கு மீன்பிடி நரம்பைக் கட்டி அம்பு எய்தவர். இருட்டில் அந்த நரம்பு எங்கே விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியாததால், தோலில் உரசட்டும் என்று பெத்தி ஆடைகளைக் களைந்துவிட்டுத் தேடுகிறார். அரங்கம் சிரிக்கிற இடம். அதற்கப்புறம்தான் கனமான கம்பி கைநழுவித் தொங்கிப்போக, மணிக்கணக்காக அதை மேலே இழுக்கிறார்கள். எனக்கு இந்த இழுவைதான் படம். நடை அதன் பின்குறிப்பு.

அந்த நடைக்கு அசையும் படப்பதிவு கிடையாது. புகைப்படங்கள்தான். மார்ஷ் அவற்றை எரிக் சாட்டியின் பியானோ இசையோடு அடுக்குகிறார். அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். 2015இல் ராபர்ட் ஜெமெக்கிஸ் 'தி வாக்' படத்தில் இதையே கணினி வரைகலையில் முப்பரிமாணமாகக் காட்டினார். வயிற்றைப் பிசைந்ததோடு சரி. ஆனால் தோப்பில் விழுந்து எழுந்தவன் கண்ணுக்கு மார்ஷின் அழகிலும் ஒரு கோளாறு தெரிகிறது. புகைப்படம் ஆடாது. சமநிலை என்பதே விடாத ஆட்டமும் விடாத திருத்தமும்தான். அது படத்திலிருந்து துடைக்கப்பட்டு, பெத்தி வானத்தில் வைத்த பொம்மைபோல நிற்கிறார்.

ஆட்டம் வேறிடத்தில் இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து கேமரா முன்னால் பேசவந்த ப்ளொந்தோவுக்கு வார்த்தை முறிந்து அழுகை வருகிறதே, அங்கே. நடைக்குப் பிறகு பெத்திக்குப் புகழ் வந்தது, நட்பு முடிந்துபோனது. இவ்வளவு பெரிய விஷயத்தைப் படம் கடைசிச் சில நிமிடங்களில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. பெத்தி அபாரமான கதைசொல்லி. அவர் வாயிலிருந்து கண்ணை எடுக்க மார்ஷுக்கு மனமில்லை என்றுதான் தோன்றுகிறது.

நற்றிணையின் 95ஆம் பாட்டிலும் ஒரு ஆடுமகள் கயிற்றில் நடக்கிறாள். அவள் நடந்த கயிற்றில் பிறகு ஒரு குரங்குக் குட்டி தொங்கி ஆடுகிறது. குறவர் பிள்ளைகள் பாறையில் ஏறித் துள்ளித் தாளம் கொட்டுகிறார்கள். கவிஞர் நடந்தவளைச் சட்டென்று கடந்து, கயிற்றைச் சுற்றி இருப்பவர்களிடம் போய்விடுகிறார். மார்ஷுக்கு அந்த அவசரம் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

சும்மா குறை சொல்லவில்லை, எனக்கும் இதில் பங்கு உண்டு. கல்லூரியில் நாங்கள் ஒரு குறும்படம் எடுத்தோம். விளக்குப் பிடித்தது, ஒலி பதிந்தது, ராத்திரி முழுக்க எடிட் பண்ணியது எல்லாம் இவன். 'எழுத்து, இயக்கம்' என்று என் பெயர் தனியாக வந்தது. இவன் பெயர் நன்றிப் பட்டியலில், ஹாஸ்டல் வார்டனுக்கு அடுத்ததாக. அதைப்பற்றி நாங்கள் பேசியதே இல்லை. ப்ளொந்தோ அழுகிற இடத்தில் அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். நான் படத்தை நிறுத்தி வைக்கவில்லை.

காலையில் அவன் பட்டையில் ஏறினான். நான் கேட்காமலே போய் மறுகோடியில் உட்கார்ந்தேன். இரண்டு எட்டு வைத்து இறங்கிவிட்டான்.

"எந்திரிடா. நீ உக்காந்தா எனக்கு வரல."

எழுந்து சாக்கைச் சரிபார்க்கிற மாதிரி மரத்தடியில் நின்றுகொண்டேன். ஏழு எட்டு வைத்தான்.