ரொட்டியும் ரோசாவும்: அடிவரிகளில் மறையும் மரியாதை

கென் லோச் இயக்கி, பால் லாவர்ட்டி திரைக்கதை எழுதிய ‘பிரெட் அண்ட் ரோசஸ்’ 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்யும் குடியேறிகள் தொழிற்சங்கம் அமைக்கப் போராடுவதே இதன் கதை. அந்நகரில் ‘துப்புரவுத் தொழிலாளர்க்கு நீதி’ என்னும் இயக்கம் நடத்திய போராட்டங்கள் இதற்குப் பின்புலமாகும். 1990 ஜூன் 15 அன்று செஞ்சுரி சிட்டி பகுதியில் இவ்வியக்கத்தின் ஊர்வலத்தைக் காவல்துறை தடியால் அடித்துக் கலைத்தது.

படத்தின் தலைப்பு, 1912இல் மாசசூசெட்சு மாநிலத்து லாரன்சு நகரில் நடந்த ஆலை வேலைநிறுத்தத்தோடு இணைத்துப் பேசப்படும் முழக்கத்திலிருந்து வந்தது. அவ்வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டோரும் பல மொழி பேசிய குடியேறிகளே. ரொட்டி கூலியையும் ரோசா மனித மதிப்பையும் சுட்டுகின்றன. படத்தில், மெக்சிகோவிலிருந்து எல்லை கடந்து வரும் மாயாவின் அக்காவிற்கும் ரோசா என்றே பெயர். நோயுற்ற கணவனைக் காக்கும் பொருட்டுச் சக தொழிலாளர்களைக் காட்டிக்கொடுப்பவளும் அவளே. ரொட்டிக்காக ரோசா இழக்கப்படும் இம்முரணைத் தமிழில் எளிதில் காக்கலாம். பேச்சுத்தமிழில் மலரின் பெயரும் ரோசாதான்.

இத்தகைய இயைபு எல்லா இடத்தும் வாய்ப்பதில்லை. படத்தில் ஆங்கிலமும் ஸ்பானிய மொழியும் கலந்து வழங்குகின்றன. ஸ்பானிய மொழியில் முன்னிலைக்குத் ‘தூ’, ‘உஸ்தெத்’ என இரு வடிவங்கள் உள்ளன. மத்திய அமெரிக்க நாடுகள் பலவற்றில் ‘வோஸ்’ என்னும் நெருக்க வடிவமும் வழங்குகிறது. ஆங்கில அடிவரிகளில் இவை யாவும் ‘யூ’ என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. அவ்வடிவரிகளை மூலமாகக் கொள்ளும் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு, தம் மொழியால் காட்டக்கூடிய வேறுபாடு கைக்கு வருமுன்னரே தொலைந்துவிடுகிறது. எனினும் தமிழ் வினைமுற்று அவரை நடுநிலையில் நிற்க விடாது. ‘வந்தாய்’, ‘வந்தீர்கள்’ என்பவற்றுள் ஒன்றை அவர் தேர்ந்தே ஆகவேண்டும்.

தாமதமாக வந்த முதிய பெண் தொழிலாளியை மேற்பார்வையாளர் பெரெஸ் வேலையிலிருந்து நீக்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். அங்கு ‘நீங்கள்’ என எழுதினால் அது நிர்வாக நடவடிக்கை. ‘நீ’ என எழுதினால் அவமதிப்பு. எது பொருந்தும் என்பதை ஆங்கில வரி சொல்லாது. ஒலித்தடத்தைக் கேட்டு, பேசுவோரின் வயது, பதவி, உறவு ஆகியவற்றை எடைபோட்டே முடிவு செய்தல் வேண்டும். சங்க அமைப்பாளர் சாமுக்கும் மாயாவுக்கும் இடையே நெருக்கம் வளர்கையில் ‘நீங்கள்’ எவ்விடத்தில் ‘நீ’ ஆகிறது என்பதும் இவ்வாறே தீர்மானிக்கப்பட வேண்டியது.

படத்தில் குறையும் உண்டு. போராட்ட உத்திகளை வகுத்துரைக்கும் பொறுப்பு பெரிதும் சாமிடமே விடப்பட்டுள்ளது. தம் உரிமையைத் தாமே கேட்போரின் கதையில் விளக்கவுரை வெளியார் வாயிலிருந்து வருவது அதன் வலிமையைச் சற்றுக் குறைக்கிறது. ஆனால் தங்கள் சீருடை தங்களைப் பிறர் கண்ணுக்குத் தெரியாதவர்களாக்கிவிடுகிறது என ஒரு தொழிலாளி மாயாவிடம் கூறும் இடம் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

இறுதியில் தொழிலாளர் வெல்கின்றனர். மாயா நாடு கடத்தப்படுகிறாள். அவர்கள் கேட்டது கூலி மட்டுமன்று, தங்களை மனிதராக மதித்து விளிப்பதையும் கேட்டனர். எனவே இப்படத்தைப் பொறுத்தவரை விளிவடிவத் தேர்வை நடைநயம் பற்றிய சிக்கலாக மட்டும் கருதுதல் பொருந்தாது. அது கதைப்பொருளின் ஒரு கூறேயாகும். இடைமொழி வழியாக மொழிபெயர்ப்போர் இதனை முதற்கண் கருத வேண்டும்.