கைக்கோடரியும் அரிவாளும்

காட்டில் சிக்கிய சிறுவன் பிழைத்தானா என்றறியும் ஆவல் இளையோரைக் கதைக்குள் இழுக்கிறது. ஆனால், பிழைத்தபின் அவன் எதை நோக்கித் திரும்பினான் என்பதே இத்தகைய புதினத்தின் தரத்தை அறிய உதவும் உரைகல் என்பது நம் எண்ணம். அதைக் கொண்டு இரு நூல்களை ஒப்பிட விழைகிறோம்.

அமெரிக்கரான கேரி பால்சன் 1987இல் இளையோருக்கென எழுதியது 'ஹேட்செட்'. மணமுறிவு பெற்ற பெற்றோரின் மகன் பிரையன், வயது 13. தந்தையைக் காணக் கனடாவுக்குச் சிறு விமானத்தில் செல்கையில் விமானி மாரடைப்பால் இறக்கிறார். விமானம் ஏரியில் விழுகிறது. தாய் பரிசளித்த கைக்கோடரி ஒன்றே துணை. அதைப் பாறையில் மோதித் தீ மூட்டக் கற்கிறான். தன்னிரக்கம் எதற்கும் உதவாது என்பதையும் கற்கிறான். 54 நாள்களுக்குப் பின் மீட்கப்படுகிறான்.

பூமணியின் 'வெக்கை' 1982இல் வெளிவந்தது. இளையோருக்கென எழுதப்பட்டதன்று, ஆயினும் நாயகன் சிதம்பரத்திற்கு வயது 15தான். நிலத்தகராறில் அண்ணனின் சாவுக்குக் காரணமான வடக்கூரானின் கையை வெட்ட நினைத்தவன், அவன் உயிரையே பறித்துவிடுகிறான். தந்தையும் மகனும் கரிசல் மண்ணில் மறைந்து திரியும் நாள்களே கதை.

பிரையனுக்குக் காடு அந்நியம். சிதம்பரத்திற்கு அது சொந்த மண். மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் சூழ்ந்த அனுமந்தன்பட்டியில் "காட்டுக்குப் போகிறேன்" என்பவர் பெரும்பாலும் தம் நிலத்துக்கே போகிறார். ஆகவே இவ்வேறுபாடு நமக்கு எளிதில் விளங்கும். பிரையன் பசிக்கும் விலங்குக்கும் அஞ்சுகிறான். சிதம்பரம் மனிதருக்கு அஞ்சுகிறான். முன்னவன் தனியன், பின்னவனுக்குத் தந்தை உடனிருக்கிறார்.

திரும்புதலும் வேறுபடுகிறது. தாயைப் பற்றித் தான் மட்டும் அறிந்த இரகசியத்தைப் பிரையன் தந்தையிடம் இறுதிவரை சொல்வதில்லை. சிதம்பரமோ தந்தையுடன் நீதிமன்றத்தில் சரணடையப் புறப்படுகிறான். ஒருவன் இயற்கையை வென்றபின் மௌனத்துக்குத் திரும்புகிறான். மற்றவன் பதில் சொல்லத் திரும்புகிறான். இவ்வகையில் 'வெக்கை'யே ஆழமான படைப்பு எனத் துணிகிறோம்.

கொலை செய்த சிறுவனின் கதையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா? ஐந்தாம் கட்டளையை அறிந்த பெற்றோர் இவ்வாறு கேட்பது முறையே. பூமணி பழிவாங்கலுக்கு மாலை சூட்டவில்லை, சிறுவனைத் தீர்ப்பிடவுமில்லை. அக்கட்டளை அண்ணனின் இரத்தத்துக்கும் கணக்குக் கேட்கிறது என்பதை மட்டும் மறக்கவிடாமல் செய்கிறார். இக்கதையைத் தழுவி 2019இல் வந்த 'அசுரன்' திரைப்படத்தில் சண்டைகளைக் கண்டு ஆர்ப்பரித்தவர்கள், நூலில் அச்சத்தையும் பசியையும் காத்திருத்தலையுமே மிகுதியாகக் காண்பர்.

'ஹேட்செட்'டைப் பிள்ளைகள் தனியே படிக்கட்டும். 'வெக்கை'யைப் பெற்றோருடன் அமர்ந்து படிக்கட்டும்.